பட்டறைப் பக்கம்: 304ஆ, 316ஆ, பின்னால் ‘எல்’ போட்டதா?

போன இதழில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் வாங்குவதைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். அதற்கு வாழைச்சேனையில் இருந்து ஒலுவில் வரை பல ஊர்களில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. கேட்பது கிட்டத்தட்ட ஒன்றைத்தான்: கடையில் மூன்று பைப்பும் ஒரே மாதிரி மினுங்குகிறது, விலை மட்டும் மூன்றாக இருக்கிறது, எதை வாங்குவது? (304, 316 என்பவை ஸ்டெயின்லெஸ் வகைகளின் நம்பர்.) கடிதங்களைச் சுருக்கி, பெயரை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஆலையில் நெல் ஊறவைக்கும் தொட்டிகளுக்குச் சுடுதண்ணீர் போகும் லைனை மாற்ற வேண்டும். இரண்டு இஞ்சிப் பைப். தண்ணீர் எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீர். 304, 304எல், 316எல் என்று மூன்று கொட்டேசன் வந்திருக்கிறது. பொயிலரில் இருந்து வரும் நீராவி லைனையும் இதோடு ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றிவிடுவோம் என்கிறார் மகன். என்ன செய்யலாம் ஐயா?
*– அரிசி ஆலை உரிமையாளர், சம்மாந்துறை*

மகனின் யோசனையை முதலில் பார்ப்போம். நீராவி லைனுக்கு ஸ்டெயின்லெஸ் வேண்டாம். உமி எரிக்கிற பொயிலரின் நீராவிக்குச் சாதாரண காபன் ஸ்டீல், தையல் இல்லாத ஏ 106 கிரேட் பி என்ற தரம், ஸ்கெடியூல் 40 (ஸ்கெடியூல் என்பது சுவர்த் தடிப்பின் நம்பர்) தாராளமாகப் போதும். உலகம் முழுக்க அதில்தான் ஓடுகிறது. இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் சூட்டுக்குக் கூடுதலாக நீளும். 10 மீற்றர் பைப் 30 பாகையில் இருந்து 150 பாகைக்குப் போனால் காபன் ஸ்டீல் ஏறக்குறைய 14 மில்லிமீற்றர் நீளும், 304 ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் நீளும். பழைய தாங்கிகளிலும் பழைய வளைவுகளிலும் புதுப் பைப்பை ஏற்றினால் அந்த 6 மில்லிமீற்றர் எங்கேயாவது ஒரு வெல்டிங் ஒட்டில் போய் இழுக்கும். மேலே சுற்றுகிற பஞ்சு மழையில் நனைந்து, அதில் உப்பும் சேர்ந்துவிட்டால் சூடான ஸ்டெயின்லெஸ் வெளியில் இருந்து வெடிப்பு விடவும் கூடும். காசைக் கொடுத்து வியாதியை வாங்க வேண்டாம்.

இனிச் சுடுதண்ணீர் லைன். 304 என்பது நம் வீட்டு எவர்சில்வர்ச் சட்டியின் அடியில் 18/8 என்று குத்தியிருக்கிற அதே சாதி. குரோமியம் 18 முதல் 20 வீதம், நிக்கல் 8 வீதத்துக்கு மேல். 316இல் குரோமியம் கொஞ்சம் குறைவு, 16 முதல் 18 வீதம், நிக்கல் கூட, அதோடு மொலிப்டினம் 2 முதல் 3 வீதம். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்த மொலிப்டினத்துக்கும் நிக்கலுக்கும்தான். உப்புத் தண்ணீர், பைப்பைக் காக்கிற குரோமியப் படலத்தில் ஊசி ஓட்டை போடுவதைத் தடுக்கிறதும் அந்த மொலிப்டினம்தான்.

‘எல்’ என்பது காபன் குறைந்தது. பைப் தரத்தில் 304க்குக் காபன் 0.08 வீதம் வரை இருக்கலாம். 304எல் என்றால் 0.035ஐத் தாண்டக்கூடாது. இது ஒட்டும் இடத்துக்கான விசயம். ஒட்டுக்குப் பக்கத்தில் 425 முதல் 850 பாகை வரையான சூட்டில் பைப் கொஞ்ச நேரம் நின்றால், காபன் போய்க் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமியம் இழந்த இடம் பாதுகாப்பில்லாத இடம். மறுகா, ஒட்டு நன்றாக இருக்கும், ஒட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கோடாகக் கறள் பிடிக்கும். இரண்டு இஞ்சி மெல்லிய பைப்பில், நல்ல வெல்டிங் பாஸ் ஒருவர் ஒரே ஓட்டில் ஒட்டினால் 304இலும் இது பெரும்பாலும் வராது. ஒட்டி, கசிந்து, அரைத்து, திரும்ப ஒட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதில் வரும். விலை வித்தியாசம் மிகச் சிறியதாகவே இருக்கும். அதனால் 304இன் கொட்டேசனைக் கிழித்துப் போடுங்கள். ஒட்டுகிற லைனுக்கு எல்தான்.

மிச்சம் 304எல்லும் 316எல்லும். இதை நான் சொல்ல முடியாது, உங்கள் கிணறு சொல்லும். தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டுபோய்ச் சோதிக்கக் கொடுங்கள். குளோரைட்டு (உப்பில் இருந்து வருவது) எவ்வளவு என்று கேளுங்கள். தொழிலில் நாங்கள் பிடிக்கிற கைக்கணக்கு, சாதாரண சூட்டில் ஓடும் தண்ணீருக்கு 304 லீற்றருக்கு 200 மில்லிகிராம் வரை, 316 ஏறக்குறைய 1000 வரை. ஒன்றைக் கவனியுங்கள்: இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 குளோரைட்டுக்கு 250 மில்லிகிராம் வரை இடம் கொடுக்கிறது. குடிக்க நல்ல தண்ணீர் என்பதால் 304க்கும் நல்லது என்று ஆகாது.

அந்தக் கணக்கு பச்சைத் தண்ணீருக்கு. நீங்கள் ஓட்டப் போவது 60, 70 பாகை. சூடு ஏற ஏற எல்லை இறங்கும். 60 பாகையைத் தாண்டினால் ஊசி ஓட்டையோடு இன்னொரு சனியனும் வரும்: இழுவையில் இருக்கிற இடங்களில், அதாவது ஒட்டுக்குப் பக்கத்திலும் வளைத்த இடத்திலும், மரவேர் மாதிரிக் கிளைவிட்ட மெல்லிய வெடிப்பு. இது 304க்கும் வரும், 316க்கும் வரும். 316 கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். ஆகவே சோதனையில் 50, 60 என்று வந்தால் 304எல்லைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். 100ஐத் தாண்டினால் 316எல். 400, 500 என்று வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு ஒன்று தண்ணீரை மாற்றுங்கள், அல்லது உப்பை இன்னும் கூடத் தாங்குகிற 2205 டியூப்ளெக்ஸ் என்ற ஸ்டெயின்லெஸ் சாதியின் விலையைக் கேளுங்கள். சி.பி.வி.சி. பிளாஸ்டிக்கையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அந்தச் சூட்டை அது தாங்கும்.

உங்கள் கொட்டேசன்கள் மூன்றிலும் ஸ்கெடியூல் 40எஸ் என்று இருக்கிறது. ஏன்? இரண்டு இஞ்சியில் 40எஸ் என்றால் சுவர்த் தடிப்பு 3.91 மில்லிமீற்றர்; 10எஸ் என்றால் 2.77. வெளி விட்டம் இரண்டுக்கும் 60.3தான். 6 மீற்றர்ப் பைப் ஒன்று 40எஸ்ஸில் ஏறக்குறைய 33 கிலோ, 10எஸ்ஸில் 24 கிலோ. ஸ்டெயின்லெஸ் கிலோக் கணக்கில் வருகிற சாமான். தொட்டிக்குப் போகிற தண்ணீரின் அழுத்தத்துக்கு 10எஸ் வேண்டியதைவிடப் பல மடங்கு கூட. நம் ஊரில் ‘மொத்தமாகப் போடு, நிலைக்கும்’ என்பார்கள். ஊசி ஓட்டை விழுகிற தண்ணீரில் மொத்தம் கொஞ்ச நாள் தவணைதான் தரும். அந்த 9 கிலோவுக்குக் கொடுக்கிற காசை மொலிப்டினத்துக்குக் கொடுங்கள். 10எஸ் 316எல்லின் விலையைக் கேட்டு 40எஸ் 304எல் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். ஒரே நிபந்தனை, 10எஸ்ஸில் புரி வெட்டக்கூடாது, ஒட்டத்தான் வேண்டும். புரி இல்லாததும் நல்லதுதான், உப்புத் தங்குவதே அந்த இடுக்கில்தான்.

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். எங்கள் சாயப் பட்டறையில் 304 பைப் போட்டு வருடம் ஆகவில்லை, அதற்குள் ஒட்டுக்குப் பக்கத்திலும் பிளேஞ்ச் (போல்ட் போட்டுப் பைப்பை இணைக்கிற தட்டு) அடியிலும் ஒழுகுகிறது. கடைக்காரர் பாஸைக் குறை சொல்கிறார், பாஸ் பைப்பைக் குறை சொல்கிறார். யார் பிழை?
*– கைத்தறிச் சாயமிடுபவர், மருதமுனை*

வ அலைக்குமுஸ் ஸலாம். இரண்டு பேரையும் விடுங்கள், முதலில் உப்புச் சாக்கைப் பாருங்கள்.

பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்புப் போடுகிறீர்கள். லீற்றருக்கு 50 கிராம் என்று வைப்போம். உப்பில் 60 வீதம் குளோரைட்டு. ஆகவே உங்கள் சாயத் தண்ணீரில் லீற்றருக்கு 30,000 மில்லிகிராம் குளோரைட்டு. மருதமுனைக் கடலில் இருப்பது 19,000 அளவுதான். கடலை விட உப்பான தண்ணீரை 60, 80 பாகைக்குச் சூடாக்கி 304 பைப்பில் ஓட்டியிருக்கிறீர்கள். இத்தனை நாள் தாக்குப் பிடித்ததே பெரிய காரியம்.

ஒழுகும் துண்டை வெட்டி எடுத்து நெடுக்காகப் பிளந்து பாருங்கள். ஒட்டுக்கு ஒரு பக்கமாகக் கோடு போட்டது போல் அரித்திருந்தால் காபன் குற்றம், எல் இல்லாத பைப்பில் சூட்டைக் கூட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு உள்பக்கம் கறுத்துப் பொருக்காக இருந்தால் பாஸ் காற்றை வெளியேற்ற உள்ளே ஆர்கன் வாயு விடவில்லை. மேலே குண்டூசி முனை, உள்ளே குகை என்று அங்கங்கே ஓட்டையாக இருந்தால், குறிப்பாகப் பிளேஞ்ச் கஸ்கட்டுக்கு அடியில் இருந்தால், அது உப்பு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கடைசியும் நடுவில் உள்ளதும் சேர்ந்தே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாயத் தொழிலில் 316எல்தான் வழக்கம். ஆனால் மேலே சொன்ன கணக்கின்படி பார்த்தால் 316எல்லும் 30,000ஐத் தாங்கக்கூடாது. தாங்குகிறது என்றால் காரணம் பழக்கவழக்கம். சோடாக் காரம் போட்டதால் தண்ணீர் காரமாக இருக்கிறது, அது பைப்புக்கு உதவி. சாயம் முடிந்ததும் வடித்து நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறார்கள், அது பெரிய உதவி. இரவு முழுக்கச் சாயத் தண்ணீரைப் பைப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு 316எல்லும் சாபம்தான் போடும்.

இன்னொரு வழி இருக்கிறது. சோறாக்கும் உப்புக்குப் பதிலாகக் குளோபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேற்று பாவிக்கலாம். சாயத்துக்கு அதுவும் அதே வேலையைச் செய்யும். அதில் குளோரைட்டு இல்லை, கலப்படமாக வந்தால்தான் உண்டு. பளிங்காக வருகிற குளோபர் உப்பில் பாதிக்கு மேல் தண்ணீர், ஆகவே நிறை பார்த்துக் கூட்டிப் போட வேண்டும். தூளாக வருகிற நீரற்றதில் அந்தத் தொல்லை இல்லை. விலை உப்பைவிடக் கூட. ஆனால் பைப்பின் விலையையும் தொழில் நிற்கிற நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உப்புத்தான் என்றால் 316எல், உள்ளே ஆர்கன் விட்டு ஒட்டியது, பிளேஞ்ச் எண்ணிக்கையைக் குறைத்து, சரிவு வைத்து, கடைசித் துளியும் வடிகிற மாதிரி.

316 கேட்டு வாங்கினேன். பைப்பில் 316/316எல் என்று இரண்டும் அச்சடித்திருக்கிறது. ஏமாற்று வேலையா?
*– ஒப்பந்தக்காரர், வாழைச்சேனை*

இல்லை, நல்ல சாமான். காபன் எல்லின் எல்லைக்குள்ளும், பலம் சாதாரண 316இன் அளவுக்கும் இருந்தால் இரண்டு பெயரையும் போடலாம். எல் வகைக்குக் குறைந்தபட்ச நெகிழ்வுப் பலம் (இழுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் போகும் எல்லை) 170 மெகா பஸ்கல் போதும், சாதாரண 316க்கு 205 வேண்டும். இந்தக் காலத்து உருக்கு ஆலைகள் காபனை இறக்குவதில் கெட்டிக்காரர்கள், நைதரசன் சேர்த்துப் பலத்தையும் காப்பாற்றிவிடுகிறார்கள். ஆகவே ஒரே பைப் இரண்டு பரீட்சையிலும் தேறுகிறது. 304/304எல் என்றும் இதே மாதிரி வரும். வரைபடத்தில் 316 என்று கேட்டிருந்தாலும் 316எல் என்று கேட்டிருந்தாலும் இதை வைக்கலாம்.

அந்த அச்சு வரியை முழுதாக வாசிக்கப் பழகுங்கள். ஏ 312 என்று இருக்க வேண்டும், அதுதான் அழுத்தத்துக்கான ஸ்டெயின்லெஸ் பைப் தரம். பிறகு கிரேட், அளவு, ஸ்கெடியூல், தையல் உள்ளதா இல்லாததா, கடைசியில் ஹீட் நம்பர், அதாவது அந்த உருக்கு எந்தத் தொகுதியில் உருகியது என்ற நம்பர். அந்த நம்பர் கடைக்காரர் தரும் ஆலைச் சான்றிதழிலும் இருக்க வேண்டும். சான்றிதழில் 3.1 என்று போட்டிருந்தால் ஆலையின் பரிசோதகர் அந்த உருக்கையே சோதித்துக் கையெழுத்து வைத்தது என்று அர்த்தம். நம்பர் பொருந்தாத சான்றிதழ் வெறும் கடதாசி. கடைக்காரர் ‘எல்லாம் ஒரே லொறியில் வந்தது அண்ணன்’ என்பார். சிரித்துவிட்டு நம்பரைக் கேளுங்கள்.

வளைகுடாவில் பைப் வேலை பார்த்தபோது எக்ஸ்ரே துப்பாக்கி ஒன்றை வைத்து ஒவ்வொரு துண்டையும் சுடுவார்கள். சில செக்கனில் குரோமியம், நிக்கல், மொலிப்டினம் எவ்வளவு என்று காட்டும். 304ஐயும் 316ஐயும் அது பிரித்துவிடும். ஆனால் காபனை அதற்குத் தெரியாது. எல்லா, எல் இல்லையா என்பதற்கு நம்மைப் போன்றவர்களுக்குச் சான்றிதழ் அல்லது ஆய்வுகூடம்தான் வழி. துப்பாக்கி இல்லாத நாங்கள் மொலிப்டினம் சோதிக்கிற சொட்டு மருந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம், 316 என்று சொல்லி 304ஐத் தள்ளுகிறார்களா என்று பார்க்க அது போதும்.

காந்தம் ஒட்டாவிட்டால் 304 தானே? வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினோம். மண்ணிறப் புள்ளி விழுகிறது.
*– இல்லத்தரசி, காத்தான்குடி*

இது தொழிற்சாலைக் கேள்வி இல்லை, ஆனால் இதே சந்தேகத்தில் தொழிற்சாலைக்காரர்களும் ஏமாறுகிறார்கள். 201 என்று ஒரு சாதி இருக்கிறது. நிக்கலைக் குறைத்து 3.5 முதல் 5.5 வீதம் மட்டும் போட்டு, இடத்தை நிரப்ப மங்கனீசு 5.5 முதல் 7.5 வீதம் போட்டது. அதிலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304ஐ வளைத்தால் வளைந்த இடத்தில் காந்தம் லேசாக ஒட்டும். ஆகவே காந்தத்தை நம்பி நல்லதைத் திருப்பிக் கொடுத்து மட்டமானதை வாங்குகிற ஆட்களும் உண்டு.

கைப்பிடிக்கு வரும் மினுக்கிய பைப் ஏ 554 என்ற அலங்காரத் தரம், அதை யாரும் அழுத்த லைனுக்குப் போடக்கூடாது, போட்டிருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். உங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கடலில் இருந்து 5 கிலோமீற்றருக்குள் உப்புக் காற்று 304இலும் தேத்தண்ணிக் கறை மாதிரிப் படியவைக்கும். இது பெரும்பாலும் தோலோடு நிற்கிற வியாதி. கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் துடையுங்கள். இரும்புக் கம்பி உரஞ்சி வேண்டவே வேண்டாம், புளீச்சும் வேண்டாம்.

பால் சேகரிப்பு நிலையத்துக்குப் பைப் போடுகிறோம். 316 இல்லாவிட்டால் அனுமதி கிடைக்காது என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.
*– கூட்டுறவுச் சங்கத் தலைவர், படுவான்கரை*

பாலுக்கு 304எல் போதும். பாலிலும் குளோரைட்டு இருக்கிறது, லீற்றருக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம். ஆனால் குளிர், ஓட்டம், தினமும் கழுவல், அதனால் பிரச்சினை இல்லை. கிரேடைவிட உள் மினுக்கம் முக்கியம். சுகாதாரக் குழாய் என்று கேட்டு, உள்பக்கக் கரடு 0.8 மைக்குரோனுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பால் ஒட்டிப் புளிக்கும். கழுவுகிற கோஸ்டிக் சோடாவும் நைத்திரிக் அமிலமும் 304எல்லை ஒன்றும் செய்யாது. புளீச்தான் எதிரி. கிருமி கொல்ல அதைப் பாவித்தால் பச்சைத் தண்ணீரில், கொஞ்ச நேரம், உடனே அலசிவிட வேண்டும். உப்புப் போட்ட பாலாடைக்கட்டி செய்யப் போகிறோம் என்றால் அப்போது 316எல்லைப் பற்றிப் பேசுவோம்.

ஐஸ் தொழிற்சாலைக்குக் கடல் தண்ணீர் எடுக்கும் லைன். 316எல் போட்டால் எத்தனை வருடம் வரும்?
*– ஒலுவில்*

போடாதீர்கள். ஓடிக்கொண்டே இருக்கும்வரை சமாளிக்கும். பம்ப் நிற்கும், தண்ணீர் தேங்கும், சிப்பி ஒட்டும், கஸ்கட் இடுக்கில் அரிக்கத் தொடங்கும். கடல் தண்ணீருக்கு எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பைப், மலிவு, கறள் இல்லை, ஒட்டுவது சுலபம். குளிரூட்டுகிற அமோனியா லைன் வேறு கதை. அதில் காபன் ஸ்டீலும் சரி, 304எல்லும் சரி, செம்பும் பித்தளையும் மட்டும் ஒரு துண்டும் வரக்கூடாது.

கட்டாருக்கு வெல்டராகப் போகிறேன். டிக் (ஆர்கன் வாயு விட்டு ஒட்டும் முறை) சோதனை வைப்பார்களாம். ஸ்டெயின்லெஸ்ஸில் எந்தக் கிரேடுக்கு எந்தக் கம்பி, வேறென்ன கவனிக்க வேண்டும்?
*– ஏறாவூர் இளைஞர்*

கம்பி சுலபம், தம்பி. 304, 304எல் இரண்டுக்கும் 308எல். 316, 316எல் இரண்டுக்கும் 316எல். ஸ்டெயின்லெஸ்ஸைக் காபன் ஸ்டீலோடு ஒட்டச் சொன்னால் 309எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் 321 வரும், அது தைத்தேனியம் போட்டது. காபன் குரோமியத்தைத் தொடும் முன்னே தைத்தேனியம் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு 321 கம்பி தேடாதே, தைத்தேனியம் ஆர்க்கில் எரிந்துவிடும்; நியோபியம் உள்ள 347 கம்பிதான் போடுவார்கள். 304எச் என்று ஒன்று வந்தால் அதில் காபன் வேண்டுமென்றே கூட, 0.04 முதல் 0.10 வரை, கடும் சூட்டில் பலம் தளராமல் இருக்க. அதற்குப் போய் எல் கம்பியை எடுத்துவிடாதே, 308எச் கேள்.

சோதனையில் ஆட்கள் விழுவது கம்பியால் இல்லை, உள்பக்கத்தால். பைப்பின் இரண்டு முனையையும் அடைத்து உள்ளே ஆர்கன் விட வேண்டும், காற்று முழுக்க வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஆர்க் பிடித்தால் வேர்ப் பக்கம் சீனி பொரிந்த மாதிரிக் கறுத்துப் போகும். பரிசோதகர் டோர்ச் அடித்துப் பார்த்ததும் உன் நம்பருக்குக் கோடு விழும். உள் நிறம் வெள்ளியாகவோ இளம் வைக்கோல் நிறமாகவோ இருந்தால் சரி. நீலம், கறுப்பு என்றால் அந்த இடத்தில் பாதுகாப்புப் படலம் கெட்டுவிட்டது, 316 என்ற பெயர் பைப்பின் மேலே மட்டும்தான் மிச்சம். ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் இடையில் 150 பாகைக்குக் கீழே ஆறவிடு.

இரும்புக்குப் பாவித்த தூரிகை, இரும்பை அரைத்த டிஸ்க், இரண்டையும் ஸ்டெயின்லெஸ்ஸில் தொடாதே. அந்த இரும்புத் தூள் பதிந்து கறளாகப் பூக்கும், பழி பைப்புக்கு விழும். கல்வனைஸ் பைப்பை ஸ்டெயின்லெஸ்ஸோடு ஒட்டச் சொன்னால் நாகப் பூச்சை முழுக்க எடுக்காமல் தொடாதே, உருகிய நாகம் ஸ்டெயின்லெஸ்ஸின் உள்ளே புகுந்து வெடிக்க வைக்கும். ஒட்டு நிறத்தை எடுக்கும் பேஸ்டை நம் ஊரில் வெறுங்கையால் பூசுகிறார்கள். அதில் ஐதரோபுளோரிக் அமிலம் இருக்கிறது, தோலில் எரிவு தெரியும் முன்னே எலும்பு வரை போய்விடும். கையுறை, கண்ணாடி, பக்கத்தில் கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பு இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்காதே. அங்கே கட்டாயப்படுத்துவார்கள். இங்கே விடுமுறையில் வந்து மச்சானின் பட்டறையில் வேலை செய்யும்போதும் அதையே செய்.

304 பைப் லைனில் 316 எல்போ (வளைவுத் துண்டு) போட்டுவிட்டோம், கடையில் அதுதான் இருந்தது. ஒன்றை ஒன்று அரிக்குமா?
*– கல்முனை*

அரிக்காது. இரண்டும் மின் குணத்தில் மிக நெருக்கம். 316எல் கம்பியால் ஒட்டியிருந்தால் மறந்துவிடுங்கள். லைன் முழுவதும் இனி 304 தாங்கும் அளவுக்குத்தான் தாங்கும் என்பதை மட்டும் எழுதி வையுங்கள். நான் கவலைப்படுவது உங்கள் பிளேஞ்ச் போல்ட்டைப் பற்றி. அனுப்பிய படத்தில் கல்வனைஸ் போல்ட் போலத் தெரிகிறது. பெரிய ஸ்டெயின்லெஸ் பரப்பில் மாட்டிய சின்ன நாகப் பூச்சு, கடற்காற்றில் முதலில் அதுதான் போகும். தலையில் ஏ2 என்று குத்திய போல்ட் 304 சாதி, ஏ4 என்று குத்தியது 316 சாதி. கல்முனைக்கு ஏ4 வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் வேகமாக இறுக்கினால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பிறகு வெட்டித்தான் எடுக்க வரும். புரியில் நிக்கல் கலந்த பிடிப்பு நீக்கிப் பசை பூசி, மெசினை விட்டுக் கையால் ஆறுதலாக இறுக்கச் சொல்லுங்கள்.